கண் வைத்தியம் பயில வரும் இளம் வைத்தியர்கள்

துணுக்காயிலிருந்து பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் முழுவதும் வேண்டும். விடியப்புறம் எழும்பி, மாங்குளத்தில் பஸ் மாறி, இலக்கம் எடுத்து, வாங்கில் குந்தியிருந்து, கடைசியில் உள்ளே கூப்பிடும்போது அங்கே தலைநரைத்த நிபுணர் ஒருவர் இருப்பார் என்றுதான் எமது வயதானவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் பல வேளைகளில் இருப்பது முப்பது வயதை ஒட்டிய ஓர் இளம் வைத்தியர். "உது இன்னும் படிக்கிற பிள்ளையாம். கையைப் பழக்க எங்கட கண்ணோ கிடைச்சது?" என்ற பேச்சு அன்று பின்னேரமே ஊருக்கு வந்துவிடும். அதைக் கேட்ட பக்கத்து வளவுக்காரர் தமது கண்ணைக் காட்டப் போவதை அடுத்த போகம் முடியட்டும் என்று தள்ளிவைப்பார். அடுத்த போகத்தில் வேறொரு காரணம் வரும்.

இக்கட்டுரை அந்த இளம் வைத்தியரைப் பற்றியது. அவர் எவ்வளவு படித்துவிட்டு அந்தக் கதிரையில் இருக்கிறார், எமது கண்ணில் எதைச் செய்ய அவருக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை, படித்து முடிந்தபின் எமது பக்கம் தலைகாட்டுவாரா என்பவற்றை விவசாயக் குடும்பங்கள் அறிந்திருக்கவேண்டும். 1995இலும் 1996இலும் 2008இலும் காணியை விட்டு எழும்பி, மாட்டையும் விதைநெல்லையும் இழந்து, மறுபடியும் வரம்பு கட்டத் தொடங்கியவர்கள் நாங்கள். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதவர்களும் எம்மிடையே உண்டு. கண்ணும் போய்விட்டால் மறுபடி தொடங்குவதற்கு ஒன்றுமில்லை.

நீண்ட பாதை

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். கண் கிளினிக்கில் இருக்கும் இளம் வைத்தியர் மாணவர் அல்லர். அவர் ஏற்கெனவே வைத்தியர். மருத்துவபீடத்தில் ஐந்து வருடம் படித்து, பிறகு ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி செய்து, வைத்திய சபையில் பதிவுபெற்று, ஏதோவொரு வைத்தியசாலையில் மருத்துவ அதிகாரியாகக் காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் வைத்தியம் பார்த்தவர். அதன்பிறகுதான் "நான் கண்ணைப் படிக்கப்போகிறேன்" என்று தீர்மானிக்கிறார்.

அந்தத் தீர்மானம் மட்டும் போதாது. இலங்கையில் விசேட வைத்திய நிபுணர்களைப் பயிற்றும் பொறுப்பு, கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1980 முதல் இயங்கிவரும் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திடம் இருக்கிறது. அது நடத்தும் தெரிவுப் பரீட்சையில் தேறவேண்டும். இடங்கள் மிகக் குறைவு. இரண்டு, மூன்று தடவை எழுதியே உள்ளே புகுபவர்கள் பலர். புகுந்தபின் கண் பிரிவில் 'பதிவாளர்' என்ற பெயரோடு வேலையும் படிப்பும் ஒன்றாக நடக்கும். பிறகு இறுதிப் பரீட்சை. அதன்பின் சிரேஷ்ட பதிவாளர். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றிலும் பயிற்சி பெறவேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் மருத்துவபீட வாசலில் கால்வைத்த நாளிலிருந்து கண் வைத்திய நிபுணர் என்ற பெயர்ப்பலகை தொங்கும் நாள் வரை ஏறத்தாழ பதின்மூன்று வருடம். ஒரு தென்னம்பிள்ளையை வைத்துக் காய் பறித்து, அடுத்த தலைமுறைக் கன்றும் காய்க்கும் காலம்.

கொழும்பில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பழைய கட்டிடத்தைக் கண்டவர்கள் உங்களில் இருக்கலாம். விக்டோரியா ஞாபகார்த்தக் கண்ணாஸ்பத்திரி என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது அது. அதன் வழிவந்த தேசிய கண் வைத்தியசாலையிலும் ஏனைய பெரிய வைத்தியசாலைகளின் கண் பிரிவுகளிலுமே எமது நாட்டின் புதிய கண் வைத்தியர்கள் உருவாகிறார்கள். கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர் "மகளுக்கு றெசிடென்சி கிடைச்சிட்டுது" என்று தொலைபேசியில் சொன்னால் அதுவும் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பல்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், பயிலும் வைத்தியர்கள் இரவும் பகலும் அங்கேயே தங்கி வசித்தார்கள். வசித்தல் என்பதற்கான அவர்களுடைய சொல்லே பயிற்சியின் பெயராயிற்று. வீட்டுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும் பெயர் மாறவில்லை.

இந்தப் பயிற்சி முறையே ஒரு யுத்தத்தின் பிள்ளை என்று சொல்லலாம். எகிப்தில் நெப்போலியனுக்கு எதிராகப் போரிட்டுத் திரும்பிய பிரித்தானியச் சிப்பாய்கள் கண்நோயோடு வந்து ஊரெங்கும் பரப்பினார்கள். அந்த நோய்க்காகவே 1805இல் இலண்டனில், பிற்காலத்தில் மூர்ஃபீல்ட்ஸ் என்று பெயர்பெற்ற கண்ணாஸ்பத்திரி தோன்றியது. அங்கே கண்ணை மட்டும் பார்க்கும் வைத்தியர்கள் உருவானார்கள். 1819இல் சென்னையிலும் ஒரு கண்ணாஸ்பத்திரி தொடங்கப்பட்டது. அது எழும்பூரில் இன்றும் இயங்குகிறது.

மதுரையில் ஒரு கோணல் கை

தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து திரும்பியவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். புதிய வைத்தியர்களைக் கண் சத்திர சிகிச்சையில் பயிற்றுவதில் உலகமே பார்க்கும் இடங்களில் அது ஒன்று. பல நாடுகளிலிருந்து வைத்தியர்கள் அங்கே போய்ப் பயில்கிறார்கள். அதைத் தொடங்கியவரின் கதையை இங்கே சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் "இந்தக் கையிலா என் கண்ணைக் கொடுப்பது" என்ற கேள்விக்கு அவருடைய கையைவிடப் பொருத்தமான பதில் வேறில்லை.

கோவிந்தப்பா வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்ற தென்தமிழகக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஆற்றுமணலில் எழுதிப் படித்தவர். குடும்பத்துப் பெண்கள் மூவர் இளவயதிலேயே பிள்ளைப்பேற்றில் இறந்ததைக் கண்டு, பிரசவ வைத்தியராக வேண்டுமென்று விரும்பினார். 1944இல் சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம்பெற்று இராணுவ வைத்தியராகச் சேர்ந்தார். அங்கே முடக்குவாதம் பிடித்தது. விரல்கள் வளைந்தன. மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். எழும்பி நடக்கத் தொடங்கியபோது பேனையைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. பிரசவ வைத்தியம் இனி இல்லை என்று ஆகிவிட்டது.

அதன்பிறகுதான் கண் வைத்தியம் பயிலச் சேர்ந்தார். வளைந்த விரல்களுக்கு ஏற்றபடி கத்தியைப் பிடிக்கத் தாமே பழகிக்கொண்டார். கருவிகளையும் தமக்கேற்றபடி அமைத்துக்கொண்டார். பயிற்சி வைத்தியராக அவர் முதல்நாள் நின்றபோது அந்த விரல்களைக் கண்ட நோயாளி என்ன நினைத்திருப்பார்? எழுந்து போயிருந்தாலும் குறைசொல்ல முடியாது. ஆனால் பலர் போகவில்லை. வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் சத்திர சிகிச்சைகளை அந்தக் கை செய்தது.

அரச சேவையில் ஓய்வுபெற்றபின், 1976இல், 11 கட்டில்களோடு மதுரையில் ஒரு வீட்டில் அரவிந்த் தொடங்கியது. தங்கை நாச்சியாரும் அவருடைய கணவர் நம்பெருமாள்சாமியும் கண் வைத்தியர்களாக அவரோடு நின்றார்கள். வசதி உள்ளவர் பணம் கட்டுவார், இல்லாதவர் இலவசமாகப் பெறுவார். இங்கே கவனிக்கவேண்டியது, கட்டணப் பிரிவிலும் இலவசப் பிரிவிலும் வைத்தியர்கள் மாறிமாறி வேலைசெய்கிறார்கள் என்பது. பணக்காரருக்கு ஒரு வைத்தியர் கூட்டம், ஏழைக்கு வேறொரு கூட்டம் என்று பிரித்து வைக்கவில்லை. வெங்கடசாமி 2006இல் காலமானார்.

ஆட்டுக்கண்ணிலிருந்து மனிதக் கண்ணுக்கு

புதிதாகச் சேர்ந்த வைத்தியர் வந்த கிழமையே கத்தியைத் தூக்குவதில்லை. முதல் மாதங்கள் பார்க்கப் பழகுவதிலேயே போகும். எழுத்துப் பலகையை வாசிப்பித்துப் பார்வையை அளத்தல், கண்ணாடி இலக்கம் கணித்தல், நாடியை வைக்கும் அந்த ஒளிக்கருவியால் கண்ணின் முன்பகுதியை ஆராய்தல், கண்ணின் அழுத்தத்தை அளத்தல், சொட்டு மருந்தால் கண்மணியை விரியவைத்து உள்ளே விழித்திரையைப் பார்த்தல். இவற்றைத்தான் கிளினிக்கில் எமக்கு அவர்கள் செய்கிறார்கள். இதில் ஆபத்து எதுவும் இல்லை. சொல்லப்போனால் ஒரு நன்மையும் உண்டு. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கவேண்டிய நிபுணரைவிட, பயிலும் வைத்தியர் ஒருவரோடு கூடிய நேரம் செலவிடுவார். பரீட்சைக்குப் படிப்பவர் என்பதால் எதையும் தவறவிட அஞ்சுவார். சந்தேகம் வந்தால் நிபுணரைக் கூப்பிடுவார். ஆக, ஒரு கண்ணை இருவர் பார்ப்பார்கள்.

சத்திர சிகிச்சை இதன்பிறகு. இந்தியப் பயிற்சி நிலையங்களில் இறைச்சிக்கடையிலிருந்து வரும் ஆட்டுக்கண்களில் கையைப் பழக்குகிறார்கள். தைக்கவும் வெட்டவும் அதில் பழகியபின், உண்மையான சத்திர சிகிச்சைக் கூடத்தில் நிபுணருக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்கள். பிறகு நிபுணர் ஒரு படியை மட்டும் செய்யவிடுவார். அது சரிவந்தால் இன்னொரு படி. ஒரு வெண்புரைச் சத்திர சிகிச்சை முழுவதையும் ஒருவர் தனியே செய்வதற்கு முன் அதன் ஒவ்வொரு படியையும் துண்டுதுண்டாகப் பலமுறை செய்திருப்பார். சத்திர சிகிச்சை உருப்பெருக்கியில் இருவர் ஒரே நேரத்தில் பார்ப்பதற்கு இரண்டு சோடிக் கண்ணாடிகள் உண்டு. பயிலுபவர் காண்பதையே நிபுணரும் காண்பார். கை தடுமாறினால் அடுத்த கணமே கருவியை வாங்கிக்கொள்வார்.

எமது ஊரில் உழவு இயந்திரம் ஓட்டப் பழக்குவதும் இப்படித்தானே. முதலில் கழுவித் துடைக்கவிடுவார்கள். பிறகு வெளியான தரையில் ஓட்டவிடுவார்கள். வரம்புக்குப் பக்கத்தில் உழ விடும்போது பழக்குபவர் மட்காட்டில் இருந்துகொள்வார்.

அப்படியென்றால் ஆபத்தே இல்லையா? உண்டு. அதை மறைப்பதால் நம்பிக்கை வளராது. அரவிந்த் மருத்துவமனை தன்னிடம் நடந்த ஏறத்தாழ 80,000 வெண்புரைச் சத்திர சிகிச்சைகளை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டது. இயந்திர ஒலியலையால் புரையைக் கரைத்து எடுக்கும் முறையில், பயிலும் வைத்தியர்களுக்குச் சிக்கல்கள் அனுபவசாலிகளைவிடக் கூடுதலாக ஏற்பட்டிருந்தன. கையால் சிறுவெட்டுப் போட்டுப் புரையை முழுதாக எடுக்கும் முறையில் அவர்களுக்கு ஏற்பட்ட சிக்கல் அதைவிட வெகு குறைவு. தமது பிழைகளை எண்ணிக் கணக்கெடுத்து, அதை உலகத்துக்கு முன் வைத்த மருத்துவமனை அது. புதியவர்களுக்கு எந்த முறையை முதலில் கற்பிப்பது என்பதற்கு இப்படிப்பட்ட கணக்குகளே வழிகாட்டுகின்றன.

இன்னொன்றையும் நேராகச் சொல்லவேண்டும். உலகில் எங்கும் வைத்தியர்கள் கைபழகியது பெரும்பாலும் ஏழைகளின் உடம்பில்தான். இலவச வாட்டில் கிடந்தவர்களே அவர்களுக்குப் பாடப்புத்தகம். இதை அவமானமாக எடுத்துக்கொண்டு விலகி நிற்பவர்கள் உண்டு. எனது பார்வை வேறு. அது ஒரு கடன். எமது கண்ணைப் பார்த்துக் கற்றவர் எமக்குக் கடன்பட்டவர். கடன் கொடுத்தவர் தலைகுனிந்து நிற்கத் தேவையில்லை, கேள்வி கேட்கலாம். "ஐயா, சத்திர சிகிச்சையைச் செய்யிறது நீங்களோ, பெரிய டொக்டரோ? பெரிய டொக்டர் பக்கத்தில நிப்பாரோ?" என்று கையொப்பம் வைக்க முன் கேட்பது உங்கள் உரிமை. நல்ல பயிற்சி வைத்தியர் இதற்குக் கோபிக்கமாட்டார். ஒரே கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லவேண்டும். அப்படியானவர்களை அனுபவம் மிக்கவரே செய்வது வழக்கம்.

தொலையாத கண்ணாடி

எமது பேரன், பேத்திமார் காலத்தில் வெண்புரைச் சத்திர சிகிச்சை என்றால் கண்ணுக்குள் இருக்கும் வில்லையை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். பிறகு சோடாப்போத்தல் அடி போன்ற தடித்த கண்ணாடி போடவேண்டும். அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் சத்திர சிகிச்சை செய்த கண்ணும் குருடுக்குச் சமன். செல்லடியில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடும் குடும்பத்தில் கிழவியின் கண்ணாடி எங்கே போகும்? பெட்டிக்கடையிலும் வாங்க முடியாத சாமான் அது.

இன்று கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை வைத்துவிடுகிறார்கள். இதுவும் யுத்தத்தில் கற்ற பாடம். இரண்டாம் உலகப்போரில் விமானத்தின் பிளாஸ்ரிக் கண்ணாடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் துண்டுகள் புகுந்தன. இரும்போ மரமோ புகுந்தால் கண் அழற்சியெடுத்துக் கெட்டுவிடும். இந்தப் பிளாஸ்ரிக்கையோ கண் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தது. இதைக் கவனித்த ஆங்கிலேயக் கண் வைத்தியர் ஹரல்ட் றிட்லி, அதே பொருளில் வில்லை செய்து 1949இல் இலண்டனில் ஒரு நோயாளியின் கண்ணில் முதன்முதலாக வைத்தார். அன்றைய பெரியவர்கள் பலர் அவரை எதிர்த்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகே ஏற்றுக்கொண்டார்கள்.

ஏற்றுக்கொண்ட பின்னரும் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. ஒரு வில்லை 100 டொலர் அளவில் விற்ற காலத்தில், மதுரையில் 1992இல் ஒரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி ஏறத்தாழ 10 டொலருக்குச் செய்தார்கள். இன்றைக்குக் கண் பயில வரும் இளம் வைத்தியர் வில்லை வைக்காத வெண்புரைச் சத்திர சிகிச்சையைப் பெரும்பாலும் புத்தகத்தில்தான் அறிவார். இடம்பெயர்ந்து திரிந்த மக்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அவர் அறியமாட்டார். நாங்கள் அறிவோம். உள்ளே வைத்த வில்லை எந்த முகாமிலும் தொலைந்துபோகாது.

விவசாயியின் கண் கற்பிக்கும் பாடம்

"கண்ணில பூ விழுந்திட்டுது" என்று நாங்கள் ஒரே பெயரால் சொல்வது உண்மையில் இரண்டு வேறு வருத்தங்கள். கண்மணிக்குள் வில்லை வெளிறிப் போவது வெண்புரை. வயது போகப் போக யாருக்கும் வரலாம். சத்திர சிகிச்சையால் பார்வை திரும்பும். மற்றது, கண்ணின் முன்புறத்துக் கண்ணாடி போன்ற படலத்தில் புண் வந்து ஆறியபின் விழும் வெள்ளைத் தழும்பு. இது விவசாயியின் வருத்தம். சூடடிக்கும்போது பறக்கும் சுணை, முகத்தில் அடிக்கும் நெல்லுத்தாள், கரும்புத்தோகை, முள்ளு எதுவும் போதும். கீறல் சிறிதாக இருக்கும். "உமி விழுந்தது, ஊதிவிடு" என்று விட்டுவிடுவோம். தாவரத்தால் ஏற்பட்ட கீறலில் பூஞ்சணம் பிடித்தால் ஒரு கிழமைக்குள் புண்ணாகும். பிறகு தழும்பு. அந்தத் தழும்பை வில்லை மாற்றி நீக்கமுடியாது. இறந்த ஒருவர் தானம் செய்த கண்ணின் படலத்தை ஒட்டவேண்டும்.

கண் தானத்தில் இலங்கைக்கு உலகில் நல்ல பெயருண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கத்தின் மூலம் எமது நாட்டிலிருந்து பல நாடுகளுக்குக் கண்கள் போயிருக்கின்றன. ஆனாலும் ஒட்டிய படலம் எல்லோருக்கும் பிடிக்கும் என்றில்லை. புண் வராமல் பார்ப்பதே மேல்.

நேபாளத்துப் பக்தபூர் என்ற வயல் சூழ்ந்த பகுதியில் செய்த ஆய்வொன்று 2001இல் வெளியானது. கண்ணில் கீறல்பட்ட கிராமத்தவர்கள் உடனே உள்ளூர்த் தொண்டரிடம் வந்து சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பைப் போட்டார்கள். 18 மணித்தியாலத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் ஆகவில்லை. பெரிய வைத்தியசாலையும் தேவைப்படவில்லை. நேரம்தான் மருந்து. அன்றைக்கே மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் போவதா, அறுவடை முடியட்டும் என்று இருப்பதா என்பதில் ஒரு கண் தங்கியிருக்கிறது.

பூஞ்சணப் புண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து சிறந்தது என்று உலகம் அறிந்ததும் விவசாயிகளால்தான். தென்னிந்தியாவில் அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்த 323 நோயாளர்களின் சம்மதத்தோடு, பழைய நற்றமைசினையும் விலைகூடிய புதிய வொரிகொனசோலையும் ஒப்பிட்டார்கள். 2013இல் முடிவு வெளியாயிற்று. பழையதே திறம். இன்று அமெரிக்காவில் கண் பயிலும் வைத்தியரும் இதைப் படிக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கண் சிவந்தால் வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள். சிவப்பை விரைவாக மாற்றும் சில சொட்டுகளில் ஸ்ரெரொயிட் இருக்கும். பூஞ்சணப் புண்ணுக்கு அது நெருப்புக்கு எண்ணெய். முலைப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விடும் வழக்கத்தையும் கைவிடவேண்டும். பெரியவர்களின் அனுபவத்தை மதிக்கிறோம். கீறல்பட்ட கண்ணுக்கு மட்டும் அது வேண்டாம்.

படித்தவர் ஊரில் நிற்பாரா?

இதுவே எம்மை அதிகம் தொடும் கேள்வி. பதின்மூன்று வருடம் படித்த ஒருவர் துணுக்காய்ப் பக்கத்து மக்களுக்காக வன்னியில் நிற்பாரா?

கேள்வி புதிதல்ல. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன் இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார். அவர் ஆங்கிலத்தில் பயிற்றிய இளைஞர்கள் படித்து முடிந்ததும் நல்ல சம்பளத்துக்கு வேறிடங்களுக்குப் போய்விட்டார்கள். ஊரவர் பழையபடி நின்றார்கள். எனவே 1864இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தமிழில் கற்றவர் தமிழ்க் கிராமத்தில் நிற்பார் என்பது அவர் கணக்கு. பாடநூல்கள் இல்லாததால் தாமும் மாணவர்களுமாக அவற்றை மொழிபெயர்த்தார்கள். சத்திர வைத்தியத்துக்கான 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. 1873இல் அவர் நாடு திரும்பும்போது அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். அவர்களில் 33 பேர் தமிழில் கற்றவர்கள்.

இன்று தமிழில் மருத்துவம் கற்பிப்பதில்லை. அது திரும்பி வரும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கிறீனின் கணக்கில் ஒரு பாதி இன்றும் சரியே. யாருடைய பிள்ளை, எங்கே வளர்ந்த பிள்ளை என்பது முக்கியம். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கையிலிருந்து வைத்தியர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனவர்களிலும் திரும்பாதவர்கள் உண்டு. அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. குடியிருக்க நல்ல விடுதி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பழுதடையாத உருப்பெருக்கி, அதைத் திருத்த ஆள் ஆகியன இல்லாத இடத்தில் ஒரு சத்திர சிகிச்சை நிபுணர் எத்தனை வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்?

யுத்தத்துக்குப்பின் வடக்குக்கு வெளியிலிருந்து வைத்தியக் குழுக்கள் வந்து வெண்புரை முகாம்கள் நடத்தின. பலருக்குப் பார்வை கிடைத்தது, நன்றி. ஆனால் முகாம் மூன்று நாளில் மூட்டை கட்டும். நீரிழிவால் விழித்திரை கெடுபவருக்கும், வலியில்லாமல் கண் அழுத்தம் கூடிப் பார்வையை இழப்பவருக்கும் வருடக்கணக்காகப் பார்க்கும் ஒருவர் வேண்டும். அதனால்தான் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு புதிய வைத்தியரும் எமக்கு முக்கியம்.

எமது பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு பூட்டியில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 வீத இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் அடங்கும். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவபீடம் எமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. குறை எங்கே என்றால் உயர்தர உயிரியல் பிரிவில். அதைப் படிப்பிக்க ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலைகள் எமது பக்கத்தில் போதாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் மதில் கட்டுவதைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது இதற்குச் செலவிடலாம்.

கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கு

கண்மணியை விரியவைக்கும் சொட்டு விட்டால் சில மணித்தியாலம் பார்வை மங்கும், வெயில் கூசும். ஆகவே தனியே போகாதீர்கள், மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். பழைய கண்ணாடி, பாவிக்கும் எல்லா மருந்துப் போத்தல்கள், நீரிழிவுக் கிளினிக் கொப்பி மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்ரிக் கண்ணாடித் துண்டோ செல் துண்டோ பழைய காயமோ கண்ணில் இருந்தால், எத்தனை வருடத்துக்கு முந்தியது என்றாலும், இளம் வைத்தியரிடம் சொல்லுங்கள். யுத்தம் முடிந்தபோது அவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. நீங்கள் சொல்லாவிட்டால் அவர் கேட்க நினைக்கமாட்டார்.

சத்திர சிகிச்சைக்கு நாள் தரும்போது விதைப்பு, அறுவடை நாட்களைச் சொல்லி அதற்கேற்ற நாளைக் கேளுங்கள். செய்தபின் சில கிழமைகளுக்குக் குளத்தில் முழுகக்கூடாது, சூடடிக்கும் இடத்தில் நிற்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, சொட்டு மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது. கண் சிவந்து வலித்தாலோ, தெளிந்த பார்வை திடீரென்று மங்கினாலோ அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே போகவேண்டும். இரவு என்றாலும் கண் பிரிவில் கடமையில் இருப்பவர் அந்தப் பயிலும் வைத்தியராகத்தான் இருப்பார். உங்கள் கண்ணின் கதை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.